படம் மாட்ட ஒரு இலவசச் சுவர்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

போனில் பேசினால் நான் கேட்டு முடிப்பதற்குள் நீ பதில் சொல்லி முடித்துவிடுகிறாய். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். போன வாரம் நாம் இரண்டு பேரும் கத்தியதில் உன் பிள்ளை எழுந்து அழுதது இங்கே வரைக்கும் கேட்டது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

விஷயம் இதுதான். பாடப்புத்தக அலுவலகத்தில் படப் பிரிவையே மூடிவிட்டார்கள் என்று உங்கண்ணன் உன்னிடம் சொல்லியிருப்பார். தவளையின் இதயம், பூவின் குறுக்குவெட்டு, வண்டின் கால் என்று இத்தனை வருஷம் நான் போட்டதையெல்லாம் இனி கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளுமாம். அது போட்ட தவளையைப் பார்த்தேன். ஒரு காலில் விரல் கூடுதலாக இருந்தது. மேலாளரிடம் காட்டினேன். "யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

சரி, அது போகட்டும். குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தில் விசாரித்தேன். அங்கிருக்கும் ஆசிரியர் அம்மாள் நன்றாகத்தான் பேசினார். "உங்க வேலையெல்லாம் எங்க பாக்கலாம்? லிங்க் அனுப்புங்க" என்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன் என்றேன். சிரித்தார். ஃபைல் தூக்கிக்கொண்டு யாரும் வருவதில்லையாம். பிப்ரவரி கடைசியில் அவர்கள் உட்கார்ந்து ஆள் எடுக்கப் போகிறார்கள். அதற்குள் என் படங்கள் இணையத்தில் எங்காவது தொங்க வேண்டும்.

உங்கண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எனக்கு ஒரு இலவச வெப்சைட் திறந்து கொடுத்தார். திறந்த கையோடு பாஸ்வேர்டை மறந்தார். இப்போது உலகத்தில் எங்கோ என் பெயரில் ஒரு காலி வீடு இருக்கிறது, உள்ளே போக எனக்கே வழியில்லை. பிறகு நானே இன்னொன்று திறந்தேன். படம் ஏறியது. ஆனால் தவளையின் வயிற்றுக்குப் பக்கத்தில் தொப்பை குறைக்கும் பெல்ட் விளம்பரம் வந்து நிற்கிறது. தவளைதான் மாடல் என்று நினைப்பார்கள்.

காசு கொடுத்து நல்லதாக வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாதே. வேலை வரட்டும், வாங்குகிறேன். காசு வாங்காத, மானத்தையும் வாங்காத ஒரு இடம் எது என்று சொல்.

அண்ணி

ஜனவரி 11

அண்ணி,

முடிச்சுட்டீங்களா? இப்ப நான் பேசலாமா?

முதல்ல ஒண்ணு. பாடப்புத்தகத் தமிழ்ல திட்டினா திட்டு உறைக்காதுன்னு நினைச்சுக்காதீங்க. நல்லாவே உறைக்குது.

எந்த பட்டனை அழுத்தினா யாரோட வெப்சைட் உடையுதுன்னு பாக்கறதுதான் ஆபீஸ்ல எனக்கு வேலை. வீட்டுக்கு வந்தா அதையே நீங்க பண்றீங்க, அதுவும் சம்பளம் இல்லாம. அந்தத் தொப்பை பெல்ட்காரனை உடனே மூடுங்க. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்பாங்க. மாட்டுக்கு அது சரி. வெப்சைட்டுக்குக் கட்டாயம் பாக்கணும். சும்மா இடம் குடுக்கறவன் எங்கயாவது ஒரு எடத்துல கை வெப்பான். ஒருத்தன் விளம்பரம் ஒட்டுவான், ஒருத்தன் கொஞ்ச நாள் விட்டுட்டு கார்டு நம்பர் கேப்பான். எவன் எங்க கை வெக்கறான்னு பாத்துட்டுத்தான் உள்ள போகணும்.

ஓவியம் வரையறவங்கல்லாம் கூடற எடம் ஒண்ணு இருக்கு. பேரை அண்ணனுக்கு அனுப்பியிருக்கேன். அதுல விளம்பரம் கிடையாது. பதிப்பகத்துக்காரங்களும் அங்கதான் ஆள் தேடறாங்க. அதைத் திறங்க. பாஸ்வேர்டை நீங்களே வெச்சுக்குங்க, அண்ணன் கையில குடுக்காதீங்க.

அப்புறம், நீங்க அனுப்பின படங்களைப் பாத்தேன். ஜன்னல் ஓரத்துல வெச்சு போன்ல எடுத்திருக்கீங்க. பாதிப் பூ வெயில்ல கரைஞ்சிருக்கு. வண்டோட காலுக்குப் பக்கத்துல இன்னொரு கால் மாதிரி இருக்கேன்னு உத்துப் பாத்தேன், அண்ணனோட கட்டைவிரல். ஒழுங்கா ஸ்கேன் பண்ணுங்க. எல்லாத்தையும் ஏத்தாதீங்க. உங்ககிட்ட இருக்கறதுல ரொம்ப நல்லது எதுவோ அது மட்டும் போதும். எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியும்.

பிள்ளைக்குப் பல் முளைக்குது. என் விரலைத்தான் கடிக்கறா. நான் யாரைக் கடிக்கறதுன்னு தெரியல.

சுண்டெலி

ஜனவரி 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ சொன்ன இடத்தைத் திறந்தேன். அவனுக்குச் சதுரக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் சதுரமாக வெட்டிவிடுகிறான். நீளமாக ஒரு பச்சோந்தி போட்டிருந்தேன், வால் போயிற்று. வாலைக் காப்பாற்றலாம் என்று நகர்த்தினால் தலை போகிறது. தலையும் வாலும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால் பச்சோந்தி எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இதில் ஒரு இதய பட்டன் வேறு. முன்பின் தெரியாதவர்கள் வந்து அழுத்திவிட்டுப் போகிறார்கள். இதுவரைக்கும் யாரும் என் தவளைக்கு இதயம் கொடுத்ததில்லை, நான்தான் தவளையின் இதயத்தைப் போட்டுக்கொடுத்தேன். ஒரு பையன் தன் முதுகில் பச்சை குத்திக்கொள்ள அந்தப் படம் வேண்டும் என்று எழுதியிருந்தான். எதற்கப்பா என்று கேட்டேன். அதற்கும் ஒரு இதயத்தை அழுத்திவிட்டுப் போய்விட்டான்.

வெறுத்துப்போய் நடுவில் இன்னொன்றையும் திறந்து பார்த்தேன். என்ன அழகு தெரியுமா! வெள்ளைச் சுவர், படத்தை வெட்டுவதில்லை, எழுத்தெல்லாம் முத்து முத்தாக. எல்லாப் படத்தையும் பார்த்துப் பார்த்து ஏற்றி வைத்தேன். ஒருநாள் காலையில் போனால் கதவு சாத்தியிருக்கிறது. "உங்கள் சோதனைக் காலம் முடிந்தது" என்று எழுதியிருக்கிறான். சோதனைக் காலம்தான், அவனே ஒப்புக்கொள்கிறான். முடிந்ததாகத்தான் எனக்குத் தெரியவில்லை.

அதனால் சதுரக்காரனிடமே திரும்பி வந்துவிட்டேன். உங்கண்ணன் அலுவலகத்து ஸ்கேனரில் போட்டுக் கொடுத்தார், கட்டைவிரல் இல்லாமல். நீ சொன்னபடி என்னிடம் இருப்பதில் நல்லது என்று எனக்குத் தோன்றியதை மட்டும் ஏற்றினேன். பதிப்பகத்து அம்மாளுக்கும் லிங்க் போய்விட்டது. உனக்கும் இதோடு அனுப்புகிறேன்.

தவளை பூவெல்லாம் நீ பார்த்ததுதான். கடைசியில் சில படங்கள் நீ பார்க்காதவை. அதைப் பற்றி முதலிலேயே உன்னிடம் ஒரு வார்த்தை... சரி, பார்த்துவிட்டு எழுது.

அண்ணி

ஜனவரி 25

அண்ணி,

பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே போன்ல உங்க லிங்கைத் திறந்தேன். தவளை வந்துச்சு, பூ வந்துச்சு. விரலால தள்ளிக்கிட்டே போனேன். அம்மா வந்தாங்க.

வாயைத் திறந்துக்கிட்டு தூங்கறாங்க. மூக்குல குழாய். தலையில முடி இல்ல. அந்தச் சதுரத்துக்காக நெத்தி வெட்டுப்பட்டிருக்கு. அதுக்குக் கீழ வரிசையா இதயம் போட்டிருக்காங்க. ஒருத்தர் "அருமை, என்ன பென்சில்?"னு கேட்டிருக்கார். நீங்க பதிலும் சொல்லியிருக்கீங்க.

தலை வாராம எங்கம்மா வாசக்கதவைத் திறக்க மாட்டாங்க. பால் போடறவர் வந்தாக்கூட இருங்கன்னு உள்ளேருந்து குரல் குடுத்துட்டு, சீப்பை எடுத்துட்டுத்தான் வருவாங்க. அவங்களை நீங்க அப்படிப் படுக்க வெச்சு ஊர் உலகத்துக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுட்டீங்க.

நான் அம்மாவைக் கடைசியா பாத்தப்போ அவங்க நல்லா இருந்தாங்க. பஸ் ஏத்தி விட்டுட்டு, பையை மடியிலயே வெச்சுக்கோன்னு வெளியேருந்து கத்தினாங்க. அதுக்கப்புறம் பிள்ளை வயித்துல இருந்தப்போ இங்க டாக்டர் என்னை எழுந்து நடக்கவே கூடாதுன்னு படுக்க வெச்சுட்டார். பிள்ளைக்குத் தலை நிக்கறதுக்குள்ள, நான் பயணம் பண்ற நிலைக்கு வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைசி முகத்தைப் பாக்காதது ஒருவகையில நல்லதுதான்னு எனக்கு நானே சொல்லித்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன். என்ன பென்சில்னு கேட்டாரே, அந்த மனுஷன் எனக்கு முன்னாடி பாத்துட்டார்.

எடுத்துருங்க. இன்னைக்கே.

ஜனவரி 27

சுண்டெலி,

எடுத்துட்டேன். உன் கடிதத்தைப் படிச்ச உடனே எடுத்துட்டேன். எடுக்கறதும் லேசா இல்ல. "நிச்சயமாக நீக்க வேண்டுமா? இந்தப் படத்தைப் பலர் விரும்புகிறார்கள்"னு அது கேக்குது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா கேக்குது. ஒவ்வொண்ணுக்கும் நிச்சயமா, நிச்சயமான்னு அழுத்தினேன்.

உன்னைக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும். அதுல எனக்கு வாதமே இல்ல. ஆனா ஊருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்னு எழுதியிருக்கே பாரு, அதை என்னால முழுங்க முடியல. இப்ப நான் பாடப்புத்தகத் தமிழ்ல எழுதப் போறதில்ல.

நான் அத்தையைத் திருட்டுத்தனமா வரையல. ஆஸ்பத்திரியில அந்தக் கட்டில் பக்கத்துல ஒரு இரும்பு ஸ்டூல் இருந்துச்சு. அதுல உக்காந்து எப்பவும் அவங்களையே பாத்துக்கிட்டிருப்பேன். ஒருநாள் அவங்களே, "சும்மா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காராதே, உன் வேலை எதையாவது பாரு"ன்னாங்க. என் வேலை படம் போடறது. மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம் போட்டேன். "காட்டு"ன்னாங்க. "மூக்கை ஏன் இவ்வளவு பெருசாப் போட்டே? அது உன் மாமனார் மூக்கு"ன்னாங்க. அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். மறுநாள் நல்ல தாள் கொண்டுவான்னு அவங்களே சொன்னாங்க.

ஒரு படம்கூட அவங்க பாக்காதது கிடையாது. அந்தத் தூங்கற படத்தையும் எழுந்ததும் காட்டினேன். "வாயை மூடிப் போட்டிருக்கக் கூடாதா"ன்னாங்க. திறந்துதானே இருந்ததுன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சா இருமல் வரும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்படியும் சிரிச்சாங்க.

நீ வர முடியலன்னு நான் ஒருநாளும் உன்னைக் குத்திப் பேசினதில்ல. இப்பவும் பேசல. ஆனா அந்த நாளெல்லாம் எனக்கும் நடந்துச்சு. இத்தனை வருஷம் செத்த தவளையைப் பாத்து வரைஞ்சேன். உயிரோட ஒருத்தர் என்னைத் திருத்தித் திருத்தி வரைய வெச்சது அப்பதான். ரொம்ப நல்லது எதுவோ அதை மட்டும் போடுங்கன்னு நீதானே சொன்னே? அதைத்தான் போட்டேன்.

நேத்து பதிப்பகத்து அம்மா கூப்பிட்டாங்க. "அந்த வயசானவங்க படங்களைக் காணோமே?"ன்னாங்க. ஆஸ்பத்திரின்னா பயப்படற பிள்ளைங்களுக்காக ஒரு புத்தகம் போடறாங்களாம். தவளையை யார் வேணும்னாலும் போடுவாங்க, அந்தப் படங்களைப் பாத்துத்தான் உங்களைக் குறிச்சு வெச்சேன்னாங்க. அது எங்க வீட்டு விஷயம், இனிமே காட்டறதா இல்லைன்னு சொல்லிட்டேன். "அப்ப யோசிச்சுச் சொல்றோம்"னாங்க. யோசிச்சுச் சொல்றோம்னா என்ன அர்த்தம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி வெப்சைட் பேச்சே எடுக்காதே.

அண்ணி

பிப்ரவரி 6

அண்ணி,

வெப்சைட் பேச்சு எடுக்கல.

அண்ணன் போன் பண்ணான். ரொம்ப நேரம் தொண்டையைக் கனைச்சுட்டு, "அவ சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி"ன்னான். அப்ப யார் மேல தப்புன்னு கேட்டேன். "வெப்சைட்காரன் மேல"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். சின்ன வயசுல நானும் அம்மாவும் சண்டை போட்டா, செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு கிளம்புவான். மழை பெய்யற அன்னைக்கும் போவான். இன்னும் அப்படியேதான் இருக்கான்.

ஆனா ஒரு காரியம் பண்ணியிருக்கான். யாரையும் கேக்காம அம்மா படத்தையெல்லாம் பெருசா ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பிட்டான். பாதி தலைகீழா இருக்கு. நாலைஞ்சு நாள் நான் அதைத் திறக்கவே இல்ல. நேத்து மத்தியானம் பிள்ளை தூங்கினப்போ, இவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டார், திறந்தேன்.

சதுரத்துக்குள்ள பாத்த மாதிரி இல்ல, அண்ணி. நெத்தி இருக்கு. அந்த மேடு இருக்கு. எனக்கும் பிள்ளைக்கும் இருக்கற மேடு. சாக்ஸ் போட்ட கால் ஒரு படத்துல இருக்கு, ஒரு சாக்ஸ் நழுவி. நர்சை முறைக்கற படத்தைப் பாத்து இவர் சிரிச்சுட்டார், கல்யாணம் பேச வந்தப்போ தன்னை இப்படித்தான் பாத்தாங்கன்னு.

ஒண்ணு மட்டும் புரியல. போனைக் காதுல வெச்சிருக்கற படம். கண்ணை மூடியிருக்காங்க. உதடும் மூடியிருக்கு. பேசற மாதிரியே இல்ல. மூஞ்சி அவ்வளவு அமைதியா இருக்கு. கடைசி மாசமெல்லாம் என்கிட்ட ரெண்டு வார்த்தைதான் பேசுவாங்க. "சரி, வை. பிள்ளையைப் பாரு." அவ்வளவுதான். நான் வராத கோபம்னு நினைச்சுக்கிட்டேன். அதைக் கேட்டுடலாம்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், அதுக்குள்ள வைன்னுடுவாங்க.

யார் அது? அப்படி யார்கிட்ட நிதானமா இருந்தாங்க?

சுண்டெலி

பிப்ரவரி 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

அந்தப் பக்கம் இருந்தது நீ.

நீ கூப்பிடுகிற நேரம் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்வார்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்கள். நர்ஸ் அந்த நேரத்தில் ஊசியோடு வந்தால் போச்சு, நீ பார்த்தாயே அந்த முறைப்பு, அதுதான்.

இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் மூச்சு வாங்கும். அந்தச் சத்தம் உனக்குக் கேட்கக் கூடாது. முதலில் "வயித்துப் பிள்ளைக்காரி, பயந்துடுவா" என்றார்கள். பிறகு "பச்சை உடம்புக்காரி, பயந்துடுவா" என்றார்கள். அதனால்தான் சரி, வை. கோபம் எதுவும் இல்லை.

ஆனால் அவர்கள் வைக்க மாட்டார்கள். நீயாக அணைக்கும்வரை காதிலேயே வைத்திருப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு நீ பலநாள் போனை அணைக்காமல் பக்கத்தில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். பிள்ளைக்குத் துணி மாற்றுவாய், அதோடு ஏதேதோ பேசுவாய், உனக்குப் பாட வராது, இருந்தாலும் பாடுவாய். எல்லாம் இங்கே கேட்கும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போன் சார்ஜ் தீரும்வரைக்கும்கூட கேட்டிருக்கிறார்கள். நான் ஏதாவது பேச வந்தால் கையை மட்டும் உயர்த்துவார்கள். அந்தப் படம் அப்போது போட்டது.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். மூச்சு வாங்கியதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கை மேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெப்சைட்டை நானும் விட்டுவிட்டேன். நாலைந்து இடம் பார்த்தாயிற்று. தவளையை வெளியில் வைத்து, அத்தையை மட்டும் ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள எவனும் சும்மா விடுவதில்லை. ஒன்று முழுக் கதவும் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. அந்த வேலை என் தலையில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி

பிப்ரவரி 16

அண்ணி,

உங்க கடிதத்துக்கு பதில் எழுத உக்காந்தேன். வரல. திரும்ப உக்காந்தேன், அப்பவும் வரல. அதனால வெப்சைட் பத்தி எழுதறேன்.

எனக்குத் தெரிஞ்ச இலவச இடத்தையெல்லாம் ஆபீஸ்ல மத்தவங்களோடதை உடைக்கற மாதிரி உடைச்சுப் பாத்தேன். அந்தச் சதுரக்காரனை உங்களுக்குச் சொன்னதே நான்தான், அதனால முதல்ல அவனோட விதிமுறைகளைப் படிச்சேன். யாரும் படிக்கக் கூடாதுன்னே எழுதி வெச்சிருக்காங்க அதை. நீங்க ஏத்தற படத்தை அவன் தன்னோட விளம்பரத்துல போட்டுக்கலாமாம். உங்களைக் கேக்கவே வேண்டாமாம். எனக்கு வந்த ஆத்திரத்துல உங்க கணக்கை உங்க போன்லேருந்தே மொத்தமா மூடச் சொல்லி அண்ணனை விரட்டி மூடிட்டேன். இன்னொருத்தன் பூட்டு இலவசம்னான். பூட்டுப் போட்டுட்டு வேற கம்ப்யூட்டர்லேருந்து திறந்து பாத்தேன், பின்வாசல் வழியா எல்லாப் படமும் தெரியுது. பூட்டில்ல அது, பூட்டோட படம்.

கடைசியா ஒண்ணு கிடைச்சுது. பாக்க அழகா இருக்காது. எழுத்தெல்லாம் ரேஷன் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கும். இடமும் கம்மி. ஆனா விளம்பரம் இல்ல, படத்தை வெட்டறதில்ல, ஒரு பக்கத்துக்கு மட்டும் காசில்லாம பூட்டுப் போட விடறான். அந்தப் பூட்டை நாலு நாள் ஆட்டிப் பாத்தேன். நிக்குது.

கட்டி முடிச்சுட்டேன். போய்ப் பாருங்க. தவளையைக் குறைச்சுட்டேன். சண்டைக்கு வராதீங்க, அத்தனை தவளை எந்தப் பதிப்பகத்துக்கும் தேவையில்ல. பச்சோந்தி வாலோட இருக்கு. அம்மா படமெல்லாம் பூட்டின பக்கத்துல இருக்கு. யாருக்குத் திறக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. என்னைக் கேக்க வேண்டாம். அவங்க உங்களைத்தான் வரையச் சொன்னாங்க.

போன் படத்தை மட்டும் வெளிய வெச்சிருக்கேன். முதல் பக்கத்துல, முழுசா. யோசிச்சுத்தான் வெச்சேன். நிச்சயமான்னு இன்னொரு தடவை கேக்காதீங்க, அந்த வெப்சைட் மாதிரி.

படத்துக்குக் கீழ எதாவது எழுதணும். எனக்கு எழுத வரல. நீங்க எழுதுங்க.

சுண்டெலி

மார்ச் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

வேலை கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய்.

பதிப்பகத்தில் அவர்கள் கூடிய அன்று காலையிலேயே புது லிங்கையும் பூட்டின பக்கத்துக்குச் சாவியையும் அந்த அம்மாளுக்கு அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது. திறக்கவில்லை என்றார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். திறக்கவில்லை. எல்லாவற்றையும் கேப்பிட்டல் எழுத்தில் அடித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது என்று முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கண்ணன் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்த அம்மாளே கூப்பிட்டார். போன் படத்தை மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் பார்த்தார்களாம். லேப்டாப்பை ஒருவர் மாற்றி ஒருவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்களாம். "மீதிப் படங்களை இப்ப திறந்து பாக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு படத்துக்கே வேலை கிடைக்கிறதென்றால் மற்றவை இப்போது வேண்டாம், தேவைப்படும்போது நானே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். "சரிங்க, இதுவே போதும்" என்றார்.

இப்போது ஆஸ்பத்திரிப் புத்தகம் என் கையில். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த தலைவலி வந்துவிட்டது. கதாநாயகன் ஒரு முயலாம். முயலுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை போட வேண்டுமாம். தலை வழியாக மாட்டினால் காது எப்படி நுழையும் என்று கேட்டால், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் சட்டை அது என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

படத்துக்குக் கீழே "கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். நிறைய எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அசல் படம் உன்னிடம்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அட்டை வைத்து, உறை மேல் பெரிய எழுத்தில் மடிக்காதீர்கள் என்று எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன்.

அண்ணி

மார்ச் 19

அண்ணி,

மடிச்சுட்டாங்க.

அட்டையோட சேத்து மடிச்சு, தபால் பெட்டிக்குள்ள திணிச்சு வெச்சிருந்தாங்க. மடிக்காதீர்கள்னு நீங்க எழுதினீங்களே, அந்த எழுத்துக்கு நடுவுலதான் சரியா மடிப்பு விழுந்திருக்கு. தபால் ஆபீசுக்குப் போய் ஒரு மூச்சு சண்டை போட்டேன். கவுண்டர்ல இருந்தவர் புகாரை வெப்சைட்ல குடுங்கன்னார். அந்த வெப்சைட் வேலை செய்யல. எது உடைஞ்சிருக்குன்னு அவருக்கு விளக்கமாச் சொல்லிட்டு வந்தேன். அவர் கொட்டாவி விட்டார்.

வீட்டுக்கு வந்து ஓரமா கத்தரிச்சுப் பிரிச்சேன். மடிப்பு தலையணை மேல விழுந்திருக்கு. கொஞ்சம் தோள்பட்டையில. முகத்துல ஒண்ணும் ஆகல. நிம்மதியா உக்காந்து அழுதேன். பிள்ளை என்னைப் பாத்து அவளும் அழ ஆரம்பிச்சா. இவர் வந்து யாரை முதல்ல தூக்கறதுன்னு தெரியாம நின்னார்.

அந்த வெப்சைட்காரன் இப்பவே இடம் நிரம்பப் போகுது, காசு கட்டுங்கன்னு மெயில் அனுப்பறான். கண்டுக்காதீங்க. முயலை ஏத்தணும்னா இன்னும் ரெண்டு தவளையைக் கழிச்சுக்கலாம். முயலோட காதை சட்டைக்கு வெளிய விடுங்க, எதுக்கு உள்ள நுழைக்கறீங்க?

கண்ணாடிச் சட்டம் போடற கடைக்காரர் மடிப்பை நீவி எடுத்துத் தரேன்னார். பென்சில் கலைஞ்சுடும்னு வேண்டாம்னுட்டேன். அப்படியே சட்டம் போட்டு கூடத்துல மாட்டியாச்சு.

நேத்து குழாய் ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தார். வேலையை முடிச்சு கையைத் துடைச்சுக்கிட்டே படத்துக்கு முன்னாடி நின்னார். "அம்மாவா?"ன்னார். ஆமான்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்தார். "யாரோட பேச்சையோ கேட்டுக்கிட்டிருக்காங்க போல, யாருங்க அது?"ன்னார்.

"நான்தான்"னு சொன்னேன்.

சுண்டெலி